பேரீச்சையின் பேதங்களை இனங்காணல்: உருவச் சான்றும் புரதச் சான்றும்

1. கேள்வியும் களமும்

கொழும்பில் உண்ணப்படும் பேரீச்சம்பழம் ஏறத்தாழ முழுவதும் இறக்குமதிச் சரக்கு. ஈராக், ஈரான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், தூனிசியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வரும் பழம் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலுள்ள மொத்த வியாபாரிகளிடம் இறங்கி, அங்கிருந்து கொட்டாஞ்சேனையின் பலசரக்குக் கடைகளுக்கும் வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகிலுமுள்ள கடைகளுக்கும் பிரிந்து செல்கிறது. நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறப்பதற்கும், டிசம்பரில் கிறிஸ்தவ வீடுகளில் கேக்குக்கும், மற்றைய நாட்களில் பேக்கரிகளின் பேரீச்சம்பழக் கேக்குக்கும் ஒரே சரக்கே வெவ்வேறு தரத்தில் வாங்கப்படுகிறது. நோன்பை முன்னிட்டு அரசாங்கம் இப்பழத்தின்மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டைக் குறைக்கும் வழக்கம், இதற்குள்ள சமூகப் பெறுமதியை உணர்த்தப் போதுமானது.

விலையைத் தீர்மானிப்பதில் பேதத்தின் பெயருக்குப் பெரும் பங்குண்டு. மதீனாவின் அஜ்வா என்றோ மெட்ஜூல் என்றோ பெயரிட்ட பெட்டி, பெயரில்லாமல் நிறுத்துக் கொடுக்கப்படும் பழத்தைவிடப் பல மடங்கு விலை பெறுகிறது. ஆயினும் அப்பெயருக்கு ஆதாரமாக வாங்குபவரின் கையில் இருப்பது பழமும் அதனுள் இருக்கும் வித்தும் மட்டுமே. மரம், ஓலை, பாளை, கன்று எதுவும் இங்கில்லை. பேரீச்சம்பழத்துக்கான சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் 143–1985, பேதப் பெயரைச் சிட்டையில் சேர்ப்பதற்கு இடமளிக்கிறதே ஒழிய அதைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்நிலையில், பழத்தின் உருவ இயல்புகளையும் அதன் புரத உருவரையையும், அதாவது ஓர் இழையத்திலுள்ள புரதங்களைப் பருமன்வாரியாகப் பிரித்துக் காணும் கோலத்தையும், ஒப்பிடுவதன் மூலம் ஒரு பேதத்தை இன்னதென்று எவ்வளவு தூரம் உறுதிசெய்யலாம் என்ற கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்விருவகைச் சான்றுகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று நிரப்புவனவாகக் கொள்ளப்படுகின்றன. எந்த இழையம் எந்தப் பெற்றோருக்குரியது என்பதைத் தெளிவுபடுத்தாத வரையில் அக்கருத்து நிலைக்காது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. இலங்கையின் ஈச்சை தரும் முன்னுதாரணம்

பேரீச்சை இத்தீவுக்கு அந்நியமாயினும் அதன் சாதி அந்நியமானதன்று. பீனிக்ஸ் என்ற சாதியில் பதினான்கு இனங்கள் அளவில் உள்ளன. அவற்றில் பீனிக்ஸ் டக்டிலிஃபெரா என்பது பேரீச்சை, பீனிக்ஸ் புசில்லா என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் சிறிய ஈச்சை. பின்னையதன் பெயர் வரலாறு உருவ இயல்புகளை நம்பும் வகைப்பாட்டின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டுகிறது. ஜேர்மானியத் தாவரவியலாளர் யோசேப் கார்ட்னர், பழங்களையும் வித்துக்களையும் மட்டுமே ஆதாரமாகக் கொண்டு தாவரங்களை விவரித்த தமது பெருநூலில் 1788ஆம் ஆண்டு இவ்வினத்துக்குப் பெயரிட்டார். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி ட்ரைமன் 1885இல் இலங்கை ஈச்சையைத் தனி இனமாகக் கருதி அதற்குப் பீனிக்ஸ் சைலனிக்கா என்று பெயரிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1998இல் சாதி முழுவதையும் மீளாய்வு செய்த சாஷா பரோ, ட்ரைமனின் இனத்தைக் கார்ட்னரின் இனத்துக்குள்ளேயே அடக்கினார்.

தேர்ந்த வகைப்பாட்டாளர்களே இனம் என்ற மட்டத்தில் இவ்வாறு முரண்பட்டிருக்க, இனத்தினும் நுண்ணிய மட்டமாகிய பேதத்தைப் பெட்டியிலுள்ள பழத்தைக் கொண்டு பிரிப்பதில் எச்சரிக்கை தேவைப்படுவது இயல்பே. எனினும் கார்ட்னர் பழத்தையும் வித்தையும் தெரிந்தெடுத்ததில் ஆழ்ந்த நியாயம் இருந்தது. ஓலையின் நீளமும் மரத்தின் உயரமும் மண்ணோடும் நீரோடும் மாறுபவை. வித்தின் வடிவம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

3. பேதம் எனப்படுவது யாது

பேரீச்சையில் ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறு. வித்திலிருந்து முளைக்கும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே அமையும். எஞ்சிய பெண் மரங்களும் தாயைப் போன்ற பழத்தைத் தருவதில்லை. ஆகவே விவசாயிகள் நல்ல மரமொன்றின் அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டே அம்மரத்தைப் பெருக்கி வந்துள்ளனர். இவ்விதமாக ஒரு பேதத்தின் எல்லா மரங்களும், கோட்பாட்டளவில், என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் தெரிந்தெடுத்த ஒற்றை மரத்தின் தொடர்ச்சியே. உலகெங்கும் 2000க்கு மேற்பட்ட பேதப் பெயர்கள் வழங்குகின்றன.

இதற்குத் தெளிவான உதாரணம் மெட்ஜூல். மொரோக்கோவின் பேரீச்சைத் தோட்டங்களைப் பயூத் என்ற பூஞ்சண வாடல் நோய் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வோல்டர் சுவிங்கிள் 1927இல் அங்கிருந்து 11 பக்கக் கன்றுகளை எடுத்துச் சென்றார். நோய் தொற்றாதிருக்க நெவாடாவில் தனிமைப்படுத்தி வளர்க்கப்பட்ட அவற்றில் 9 பிழைத்தன. அவற்றின் வழிவந்த மரங்கள் 1936இல் கலிபோர்னியாவின் இண்டியோ ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அமெரிக்க மெட்ஜூல் முழுவதும் இச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல். ஆனால் 2006இல் வெளியான டீ.என்.ஏ ஆய்வொன்று, தாயகமாகிய மொரோக்கோவில் மெட்ஜூல் என்று வழங்கும் மரங்கள் யாவும் ஒரே மரத்தின் பிரதிகளல்ல, ஒன்றுக்கொன்று நெருங்கிய மரபுடைய பல மரங்களின் தொகுதியே என்று காட்டியது. ஓரிடத்தில் ஒற்றை மரபையும் இன்னோரிடத்தில் ஒரு மரபுக் குழுவையும் ஒரே பெயர் குறிக்குமாயின், ‘மெட்ஜூலின் புரத உருவரை’ என்ற தொடர் எந்த மரங்களைச் சுட்டுகிறது என்பதை ஆய்வாளர் முதலில் சொல்லியாக வேண்டும்.

மறுமுனையில் குஜராத்தின் கச்சுப் பகுதி நிற்கிறது. அங்குள்ள பழைய தோட்டங்களிற் பெரும்பாலானவை வித்திலிருந்து எழுந்தவை. எனவே ஒவ்வொரு பெண் மரமும் தனக்கே உரிய பழத்தைத் தருகிறது. பருவமழை தொடங்குமுன், முழுமையாகக் கனியாத மொறுமொறுப்பான நிலையிலேயே பறிக்கப்படும் இப்பழம் ‘கச்சி காரேக்’ என்ற பெயரில் 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. பேதம் என்ற சொல் பொருந்தாத இத்தகைய கூட்டத்தில்தான் உருவ, புரத ஒப்பீடுகளுக்கு உண்மையான வேலை உண்டு. ஏனெனில் அங்கு ஒப்பிடப்படுவது மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடு.

4. உருவ இயல்புகளின் சாட்சியம்

ஒரு பழத்தை நீளவாக்கில் வெட்டினால் மெல்லிய தோல், அதன் உட்புறமாகச் சதை, வித்தைச் சுற்றிக் கடதாசி போன்ற வெள்ளைச் சவ்வு, நடுவே வித்து என்ற ஒழுங்கு தெரியும். வித்தின் ஒரு பக்கத்தில் நீளப் பள்ளமொன்று ஓடுகிறது. மறுபக்கத்தில், கூர்ந்து நோக்கினால் மட்டுமே தென்படும் சிறு வட்டமாக முளைத்துளை அமைந்துள்ளது. அப்பள்ளம் அகன்றதா ஒடுங்கியதா, துளை நடுவில் உள்ளதா அடியை நோக்கி நகர்ந்துள்ளதா, வித்தின் மேற்பரப்பு வழுவழுப்பானதா சுருக்கமுடையதா, நுனி கூரியதா மழுங்கியதா என்பன பேத விவரணங்களில் இடம்பெறும் பண்புகள். இவற்றோடு பழத்தின் நீளம், அகலம், நிறை, வித்துக்கும் சதைக்கும் உள்ள விகிதம், காம்புப்புறத்துத் தொப்பியின் வடிவம் ஆகியனவும் அளக்கப்படுகின்றன.

கடையில் கிடைக்கும் சில பேதங்களை இப்பண்புகள் நன்றாகவே பிரிக்கின்றன. மெட்ஜூலின் பருமனும் அகன்ற சுருக்கங்களும், டெக்லெட் நூரின் ஒளி ஊடுருவும் தேன்நிறமும் நீண்ட உருவும், சாஹிதியின் சிறு முட்டை வடிவமும் சதையோடு ஒப்பிடுகையில் பெரிதான வித்தும் பழகிய கண்ணுக்கு ஐயம் தருவதில்லை. அஜ்வாவையும் சபாவியையும் பிரிப்பது அவ்வளவு எளிதன்று. இரண்டும் மதீனாப் பகுதிக்குரியவை, இரண்டும் கருநிறமானவை. அஜ்வா குட்டையாகவும் உருண்டு திரண்டும், சபாவி நீண்டும் இருக்கும் என்ற பொது விதி உண்டு. ஆனால் ஒரே குலையின் பழங்களுக்குள்ளேயே நீளம் வேறுபடுவதால், எல்லைக்கோட்டிலுள்ள தனிப் பழமொன்றை வைத்துத் தீர்ப்புக் கூறுவது நம்பத்தக்கதன்று. உருவச் சான்று கூட்டமாக வாசிக்கப்பட வேண்டியது. கோடெக்ஸ் நியமம் பருமனைத் தனிப்பழத்தில் அளக்காமல் 500 கிராமுக்கு எத்தனை பழம் என்று எண்ணுவதும் இதனாலேயே: வித்துள்ள பழம் 110க்கு மேற்பட்டால் சிறிது, 90 முதல் 110 வரை நடுத்தரம், 90க்குக் குறைந்தால் பெரிது.

இதைவிட அடிப்படையான சிக்கலொன்று 1928இல் வெளிப்பட்டது. எந்த ஆண் மரத்தின் மகரந்தம் தூவப்பட்டது என்பதைப் பொறுத்து, ஒரே தாய் மரத்தின் பழப் பருமனும் கனியும் காலமும் வித்தின் அளவும் மாறுகின்றன என்பதைக் கலிபோர்னியாவில் ரோய் நிக்சன் பரிசோதனைகளால் காட்டினார். சுவிங்கிள் இதற்கு மெட்டாசீனியா என்று பெயரிட்டார். சதை முழுவதும் தாயின் இழையம். தந்தையின் பரம்பரையலகு அதில் இல்லை. ஆயினும் உள்ளே வளரும் வித்து அச்சதையின் வளர்ச்சியைப் பாதிக்கிறது. பேரீச்சைத் தோட்டங்களில் பெண் மரங்களுக்கே பெயருண்டு, ஆண் மரங்கள் பெரும்பாலும் வித்திலிருந்து எழுந்த பெயரற்ற மரங்கள். ஆக, தோட்டத்துக்குத் தோட்டம் பெயர் தெரியாத ஒரு தந்தை பழத்தின் அளவில் தலையிட்டுக்கொண்டிருக்கிறது. பூங்கொத்தில் எத்தனை இழைகள் ஐதாக்கப்பட்டன, நீர் எவ்வளவு பாய்ந்தது, எந்தக் கனிவு நிலையில் பறிக்கப்பட்டது என்பனவும் சேரும்போது, நீளத்தையும் நிறையையும் மட்டும் தசம தானங்களோடு பட்டியலிடும் ஒப்பீடுகள் தோட்ட நிர்வாகத்தை அளக்கின்றனவா, பேதத்தை அளக்கின்றனவா என்ற ஐயம் எழுகிறது. வடிவ விகிதம், முளைத்துளையின் இடம், பள்ளத்தின் தன்மை ஆகியவை பருமனைவிட உறுதியானவை. வித்து நீக்கிய பழத்தை வாங்குபவர், உருவச் சான்றில் மிகச் சிறந்த பகுதியை இழந்துவிடுகிறார் என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

கொழும்பின் ஈரக்காற்றும் இதிற் பங்கு கொள்கிறது. பாலைநிலத்தின் வறட்சியில் உலர்ந்த பழம் இங்கு திறந்த பெட்டியில் கிடக்கும்போது ஈரத்தை உறிஞ்சித் தோல் இளகுகிறது. குளிரூட்டியில் வைத்தாலோ சர்க்கரை படிகமாகித் தோலின் கீழ் வெண்புள்ளிகளாகத் தோன்றுகிறது. நிறத்தையும் தோலின் இறுக்கத்தையும் பேத அடையாளமாகக் கொள்பவர் இம்மாற்றங்களைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

5. புரதத்தின் அளவும் புரத உருவரையும்

புரத ஒப்பீடு என்ற பெயரில் இருவேறு வேலைகள் நடைபெறுகின்றன. அவற்றைக் கலந்துவிடுவது இத்துறையில் அடிக்கடி காணப்படும் தவறு. முதலாவது, மொத்தப் புரதத்தின் அளவு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணைகளில் 100 கிராம் மெட்ஜூல் பழத்தில் 1.81 கிராம் புரதமும், டெக்லெட் நூரில் 2.45 கிராமும் காணப்படுகின்றன. இரண்டின் ஈரப்பதமும் ஏறத்தாழ 21 சதவீதம் என்பதால் இவ்வேறுபாடு நீரால் வந்ததன்று. இருந்தும் இது பேத அடையாளமாகாது. இத்தகைய அளவுகள் வழமையாக, 1883இல் யொகான் கெல்டால் வகுத்த முறையில் நைதரசனை அளந்து ஒரு காரணியாற் பெருக்கிப் பெறப்படுகின்றன. புரதமல்லாத நைதரசன் சேர்வைகளும் அதிற் சேர்ந்துவிடும். பச்சைக் காய் நிலையில் கூடுதலாயிருக்கும் புரத வீதம் கனியக் கனியச் சர்க்கரை ஏறுவதால் வீழ்கிறது. பசளையும் அதை மாற்றும். ஆகவே புரத அளவு உணவுப் பெறுமதியைச் சொல்லலாமே தவிர, மரபைச் சொல்லாது.

இரண்டாவது வேலை புரத உருவரை. 1970இல் லெம்லி செம்மைப்படுத்திய முறை இதற்கு அடிப்படை. இழையத்தை அரைத்துப் பெற்ற கரைசலைச் சோடியம் டொடெசில் சல்பேற்று என்ற சவர்க்காரத்துடன் கொதிக்கவைக்கும்போது புரதங்கள் தம் மடிப்பு அவிழ்ந்து, ஒரே விதமான மறை மின்னேற்றம் பெறுகின்றன. பின்பு அக்கரைசல் பொலியக்கிரைலமைட்டு என்ற களியின் குழிகளில் இடப்பட்டு மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. சிறிய மூலக்கூறுகள் களியின் நுண்துளைகளூடாக விரைந்தும், பெரியவை தயங்கியும் கீழிறங்குகின்றன. முன்னே ஓடும் நீலச் சாயக்கோடு அடியை எட்டியதும் மின்சாரம் நிறுத்தப்பட்டு, களி கூமாசி நீலத்தில் ஊறவைக்கப்பட்டுக் கழுவப்படுகிறது. மங்கிய பின்னணியில் நீலப் பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ ஒரே பருமனுள்ள புரதங்களின் கூட்டம். எந்தப் பருமனில் பட்டை உண்டு, எதில் இல்லை என்பதே ஒப்பீட்டுக்கு எடுக்கப்படும் தரவு.

பேரீச்சையில் இம்முறையைப் பயன்படுத்த எந்த இழையத்தைத் தெரிவது என்பதில்தான் முடிவின் தகுதி தங்கியுள்ளது. ஓலை ஒரு நல்ல தெரிவு. 1980இல் டொரஸ், திசராட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஓலையிலுள்ள ஐசோசைம்கள் (ஒரே வேலையைச் செய்யினும் மின்புலத்தில் வெவ்வேறு வேகத்தில் நகரும் நொதிய வடிவங்கள்) பேரீச்சையின் பரம்பரைக் குறிகாட்டிகளாகப் பயன்படும் என்பதை நிறுவினர். ஓலை மரத்தின் சொந்த உடல். எனவே அதிற் காணப்படுவது மரத்தின் மரபு. இதன் குறை வேறு: பரிசோதிக்கக்கூடிய நொதியங்கள் சிலவே, அவற்றில் பல பேதங்களுக்குப் பொதுவானவை, இரு பேதங்கள் வேறென்று காட்ட அது உதவும், இரண்டும் ஒன்றே என்று நிறுவ உதவாது. கொழும்பு ஆய்வாளருக்கு ஓலை கிடைப்பதுமில்லை.

பழச் சதை கிடைக்கிறது; அதுவும் தாயின் உடலே. ஆயினும் அதிற் புரதம் மிகச் சொற்பம். அத்துடன் கனிந்து உலரும்போது பொலிபீனோல்கள் ஒட்சியேற்றமடைந்து புரதங்களோடு பிணைகின்றன, சர்க்கரைகளும் அமினோ அமிலங்களோடு தாக்கமுறுகின்றன. பழத்துக்குப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தரும் இதே தாக்கங்கள் களியில் பட்டைகளைக் கலைத்து, தீற்றலாக இழுத்துவிடுகின்றன. பீனோல் பிரித்தெடுப்பு, குளிர்ந்த அசற்றோனில் வீழ்படிவாக்கல் போன்ற வழிகள் நிலைமையைத் திருத்துமெனினும், இரு பேதங்களுக்கிடையே தோன்றும் வேறுபாடு மரபின் வேறுபாடா, உலர்த்தலின் வேறுபாடா என்ற கேள்வி நீங்குவதில்லை.

6. வித்தின் புரதம் யாருடையது

ஆகவே ஆய்வாளர்கள் வித்தை நாடுவது புரிந்துகொள்ளத்தக்கது. வித்தின் நிறையில் 5 முதல் 7 சதவீதம் வரை புரதம் உண்டு. அது சேமிப்புப் புரதம், முளைக்கும் வரை மாறாமல் நிலைப்பது, உலர்த்தலாற் கெடாதது. அரைப்பதுதான் கடினம். பேரீச்சை வித்தின் வித்தகவிழையம், அதாவது முளையத்துக்கு உணவூட்டும் இழையம், மனான் என்ற சர்க்கரைச் சங்கிலிகளாற் கடினமாகத் தடித்த கலச்சுவர்களைக் கொண்டது. திரவ நைதரசனில் உறையவைத்தோ நீண்ட நேரம் ஊறவைத்தோதான் அதைத் தூளாக்க முடிகிறது. எண்ணெயை நீக்கியபின் தெளிவான பட்டைகள் கிடைக்கின்றன. நெல்லிலும் கோதுமையிலும் இதே வழி பேதங்களை இனங்காண வெற்றிகரமாகப் பயன்பட்டிருப்பதும் ஆய்வாளர்களுக்கு நம்பிக்கை ஊட்டியது.

அந்த நம்பிக்கை பேரீச்சைக்கு அப்படியே பொருந்தாது. கோதுமையும் நெல்லும் பெரும்பாலும் தம்மைத் தாமே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்வன. பல தலைமுறைகளின் பின் அவற்றின் மணிகள் ஒரே மரபுடையனவாகிவிடுகின்றன. பேரீச்சையில் தன்மகரந்தச் சேர்க்கைக்கு இடமேயில்லை. வித்தின் முளையத்தில் பாதி தாய், பாதி தந்தை. வித்தகவிழையத்தில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. எனவே அஜ்வாப் பழத்தினுள் இருக்கும் வித்து அஜ்வா அன்று. அது அஜ்வாவின் பிள்ளை. அதன் புரதப் பட்டைகளில் பெயர் தெரியாத ஆண் மரத்தின் பட்டைகளும் கலந்திருக்கும்.

சிக்கல் தந்தையோடு முடிவதுமில்லை. தாய் மரமே கலப்பு மரபுடையது. ஒவ்வொரு பரம்பரையலகிலும் அது கொண்டுள்ள இரு வடிவங்களுள் ஒன்றையே ஒவ்வொரு வித்துக்கும் கொடுக்கிறது. வித்தகவிழையத்திலுள்ள தாயின் இரு பங்குகளும் ஒரே வடிவத்தின் இரு பிரதிகள் என்பதால், தாயின் மறு வடிவம் அவ்வித்தில் அறவே தோன்றாது. ஒரே குலையின், ஒரே தந்தையின் இரு வித்துக்கள்கூட வேறுபட்ட உருவரையைக் காட்டலாம். ஒரு பேதத்துக்கு ஒரு வித்து என்று எடுத்துச் செய்த ஒப்பீடு இதனால் ஆட்டங்காண்கிறது. பல வித்துக்களை ஒன்றாக அரைத்துக் கலப்பதும் தீர்வாகாது. கலவையில் தாயின் இரு வடிவங்களும் தந்தையின் வடிவங்களும் சேர்ந்து தோன்ற, எது யாருடையது என்ற தகவல் மறைந்துவிடும். ஒவ்வொரு வித்தையும் தனித்தனியே ஓடவிட்டு, எல்லாவற்றிலும் தவறாது வரும் பட்டைகள், ஏறத்தாழப் பாதியில் வரும் பட்டைகள், அரிதாக வருவன என்று பிரித்தால்தான் தாயின் மரபை ஊகிக்க வழி பிறக்கும். இதற்குப் பேதமொன்றுக்குப் பல வித்துக்களும் பல களிகளும் பொறுமையும் தேவை. வித்துக்களின் எண்ணிக்கையையும் அவை தனித்து ஆராயப்பட்டனவா கலக்கப்பட்டனவா என்பதையும் சொல்லாத கட்டுரையின் முடிவை ஏற்பதற்குமுன் வாசகர் தயங்குவது நியாயமே.

வித்தின் வெளித்தோலும் அதைச் சுற்றிய வெள்ளைச் சவ்வும் இவ்விதிக்கு விலக்கு. அவை முற்றும் தாயின் இழையங்கள். வித்தின் வடிவமும் பள்ளமும் தந்தையால் ஓரளவே மாறுபடுகையில், உள்ளே உள்ள புரதம் மூன்றில் ஒரு பங்கு தந்தையுடையதாயிருப்பது கவனிக்கத்தக்கது. நவீன ஆய்வுகூடத்தில் பெற்ற களிப்படம் கண்ணாற் கண்ட வடிவத்தைவிட உயர்ந்த சான்று என்ற பொது எண்ணம், பேரீச்சை வித்தைப் பொறுத்தவரை தலைகீழாகிறது.

7. கிளைப்படங்களை வாசித்தல்

உருவ அளவுகளிலிருந்தோ புரதப் பட்டைகளிலிருந்தோ பெற்ற தரவை, ஆய்வாளர்கள் ஒப்புமைக் குணகமாக மாற்றி, மிக நெருங்கியவற்றை முதலில் இணைத்துக்கொண்டு போகும் முறையில் கிளைப்படமாக வரைகின்றனர். பட்டைகளுக்குப் பெரும்பாலும் 1901இல் போல் ஜக்கார் வகுத்த குணகம் பயன்படுகிறது; இரு பேதங்களுக்கும் பொதுவான பட்டைகளின் எண்ணிக்கையை, இரண்டிலும் மொத்தமாகக் காணப்படும் பட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். இத்தகைய படம் எந்தத் தரவைக் கொடுத்தாலும் ஏதோவொரு கிளையமைப்பைத் தந்தே தீரும். இருபதுக்குக் குறைந்த பட்டைகளில் ஒன்றிரண்டு மங்கலாய்த் தெரிந்ததாலேயே ஒரு பேதம் கிளை மாறிவிடலாம். உருவத்திலிருந்து வரைந்த படமும் புரதத்திலிருந்து வரைந்த படமும் ஒத்துப்போகாதபோது, இரண்டும் வெவ்வேறு பண்புகளைப் பிரதிபலிக்கின்றன என்று சமாதானம் கூறப்படுவதுண்டு. ஒன்று தாயையும் மற்றையது தாயும் தந்தையும் கலந்த பிள்ளையையும் அளந்திருக்குமாயின், ஒத்துப்போகாமை எதிர்பார்க்க வேண்டிய விளைவே.

8. சர்க்கரையும் பரம்பரையலகும்

பேதங்களைப் பிரிக்கும் இரசாயனச் சான்று வேறெங்கோ உள்ளது. மேற்கூறிய அதே அமெரிக்க அட்டவணைகளின்படி 100 கிராம் டெக்லெட் நூரில் சுக்குரோசு, அதாவது கரும்புச் சர்க்கரை, ஏறத்தாழ 24 கிராம். மெட்ஜூலில் அது அரைக் கிராம் அளவே. மெட்ஜூலின் இனிப்பு முழுவதும் குளுக்கோசும் பிரற்றோசும். கோடெக்ஸ் நியமம் பேரீச்சையைக் கரும்புச் சர்க்கரைப் பேதங்கள், மாற்றிய (குளுக்கோசும் பிரற்றோசுமான) சர்க்கரைப் பேதங்கள் என்று பிரித்து, முன்னையவற்றுக்கு 26 சதவீதமும் பின்னையவற்றுக்கு 30 சதவீதமும் ஈரப்பத உச்சமாக விதிப்பது இவ்வேறுபாட்டின்மீதே. 2011இல் கட்டாரிலுள்ள வைல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியினர் கலாஸ் பேதத்தின் பரம்பரைத் தொகுதி வரைவை வெளியிட்டபின் தொடர்ந்த ஆய்வுகள், 2019இல் இதற்குக் காரணத்தைக் கண்டன. சுக்குரோசைப் பிளக்கும் இன்வேற்றேசு நொதியத்தின் பரம்பரையலகுகள் இருக்கும் பகுதி சில பேதங்களில் இழக்கப்பட்டுள்ளது. அதனால் சுக்குரோசு பிளக்கப்படாமல் தங்குகிறது. அதே ஆய்வு, காய் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருப்பதை விரெசென்ஸ் என்ற பரம்பரையலகின் மாறுதல்களோடு தொடர்புபடுத்தியது. பழுப்பேறி உலர்ந்த பழமே கொழும்பை வந்தடைவதால் இந்நிற வேறுபாடு இங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை, டீ.என்.ஏயில் அது அழியாமல் இருக்கிறது.

ஒற்றைப் புரதத்தின் இருப்பும் இன்மையும் பழத்தின் சுவையையே மாற்றுவதை இங்கு காண்கிறோம். ஆகவே புரதச் சான்று பயனற்றது என்பது முடிவன்று. கனிந்துகொண்டிருக்கும் சதையில் இன்வேற்றேசைத் தேடிச் செல்வது, உலர்ந்த வித்திலுள்ள புரதங்களைப் பெயர் தெரியாத பட்டைகளாக எண்ணுவதைவிட எத்தனையோ பொருள் பொதிந்த வேலை.

9. கொழும்பில் செய்யக்கூடியவை

கொழும்பில் ஒரு பெட்டியின் பெயரைச் சோதிக்க விரும்புவோருக்கு மேற்கண்டவை ஓர் ஒழுங்கைத் தருகின்றன. முதலில் வித்துடன் கூடிய பழங்கள் பலவற்றை எடுத்து வடிவத்தையும் வித்தின் பண்புகளையும் பதிவது. அடுத்துச் சர்க்கரை வகைகளை அளப்பது, இதற்கான திரவ நிறப்பதிவியல் கருவிகள் உணவுப் பரிசோதனை ஆய்வுகூடங்களுக்குப் பழக்கமானவை. ஐயம் எஞ்சினால், தாயின் இழையமாகிய சதையிலிருந்தோ வெள்ளைச் சவ்விலிருந்தோ டீ.என்.ஏயைப் பிரித்து அறியப்பட்ட பேதங்களோடு ஒப்பிடுவது. வித்துப் புரதத்தின் உருவரை இவ்வொழுங்கில் துணைச் சான்றாக மட்டுமே இடம்பெறத்தக்கது. அறியப்பட்ட பேதங்களின் மாதிரித் தொகுப்பொன்று இல்லாமல் இவற்றில் எதுவும் முழுமை பெறாது. ஒப்பிடுவதற்குரிய பழம், வித்து, ஓலை ஆகியவை ஒரே மரத்திலிருந்து வந்தவையென உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும்.

அத்தகைய மாதிரிகளுக்குப் பாலைநிலம் வரை போகவேண்டிய அவசியமும் இல்லை. தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் பர்ஹி முதலிய பேதங்கள் தோட்டமாகவே வளர்க்கப்பட்டு, மஞ்சள் நிறக் காய்ப்பருவத்திலேயே குலையோடு சந்தைக்கு வருகின்றன. அங்கு இழைய வளர்ப்புக் கன்றுகளும் நடப்பட்டிருப்பதால், அவ்வாறு பெருக்கிய பர்ஹியில் வேறு நாடுகளில் சிலவேளை கண்ட பூக்குறைபாடுகளையும் சேர்த்து ஆராயலாம். இக்குறைபாடுடையவை மூல மரத்தின் பேதப் பெயரைத் தாங்கியவாறே அதனின்று விலகிய மரங்கள். இலங்கையின் கிழக்கிலுள்ள காத்தான்குடியின் பிரதான வீதி நடுவே நடப்பட்ட பேரீச்சை மரங்கள் காய்த்துள்ளன. கிழக்கின் பெருமழை ஆண்டிறுதியிலும் ஆண்டுத் தொடக்கத்திலும் பெய்து, ஆண்டின் நடுப்பகுதி வறண்டிருப்பது அங்கு பழம் முற்றுவதற்கு ஏற்றதாயிருக்கிறது. ஆண்டில் இருமுறை மழைக்காலம் காணும் கொழும்பில் அதை எதிர்பார்க்க முடியாது. காத்தான்குடியில் ஒரு பெண் மரத்தின் பாளைகள் சிலவற்றை உறையிட்டு மூடி, அறியப்பட்ட ஓர் ஆண் மரத்தின் மகரந்தத்தை ஒரு பாளைக்கும் வேறோர் ஆண் மரத்தின் மகரந்தத்தை மறுபாளைக்கும் தூவி, இரண்டிலும் விளையும் பழங்களின் அளவையும் வித்துக்களின் புரதப் பட்டைகளையும் அதே மரத்தின் ஓலையோடு ஒப்பிட்டால், தாயின் பங்கு எது, தந்தையின் பங்கு எது என்பதை இலங்கையின் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றே ஒரே பருவத்தில் அளந்துவிட முடியும்.